மனைவியர் பெயரிலும் இருக்கட்டும் இருப்பிடச் சான்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அரசின் ரியல் ஐடி எனும் அடையாள அட்டை குறித்து சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்கு அந்த அட்டையோ, கடவுச்சீட்டு போன்ற வேறொரு ஏற்கத்தக்க ஆவணமோ வேண்டும் என்பதைக் கட்டுரை தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள், விமான நிலையத்துக்குப் போவதற்கு வெகு முன்பே, ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் எதிர்கொள்ளும் சிக்கலை அது தொடவில்லை. இந்த முகவரியில்தான் வசிக்கிறேன் என்று நிறுவ முடியாமல் எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் துணைவருக்குரிய எச்-4 விசாவில் உள்ள பெண்கள் படும் பாட்டைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. புதிதாகக் குடியேறியவர் கலிஃபோர்னியாவில் 10 நாட்களுக்குள்ளும், நியூயார்க்கில் 30 நாட்களுக்குள்ளும், நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் 60 நாட்களுக்குள்ளும், நான் வசிக்கும் டெக்ஸாஸில் 90 நாட்களுக்குள்ளும் அந்தந்த மாநிலத்தின் உரிமத்துக்கு மாறிவிட வேண்டும். கால அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும், 2005ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மத்திய அரசு விதி, விண்ணப்பதாரரின் பெயரும் அவர் வசிக்கும் முகவரியும் உள்ள ஆவணங்கள் இரண்டையாவது பார்க்கும்படி மாநிலங்களைப் பணிக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த இந்தக் கண்டிப்பின் நோக்கத்தில் எனக்கு மாறுபாடில்லை. பொய் முகவரியில் உரிமம் பெறுவது தடுக்கப்படவே வேண்டும்.

அந்த இரண்டு ஆவணங்கள் எவை என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, வாகனக் காப்பீடு, வாகனப் பதிவு, அரசு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஆகியவையே பெரும்பாலான மாநிலங்களின் பட்டியலில் இடம்பெறுகின்றன. நம் குடும்பங்கள் குடிபெயரும் முறையை இந்தப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை மாற்றம் காரணமாகக் கணவர் முதலில் வருகிறார். வாடகை ஒப்பந்தத்தில் அவர் ஒருவரே கையெழுத்திடுகிறார். மின்சாரமும் இணையமும் அவர் பெயரிலேயே இணைக்கப்படுகின்றன. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்த பிறகு மனைவி வந்து சேர்கிறார். எச்-4 விசாவில் உள்ளவர்களில், கணவரின் நிரந்தரக் குடியிருப்புரிமை (கிரீன் கார்டு) நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களுக்கு மட்டுமே 2015 முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. மற்றவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. வேலை அனுமதி இல்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் வழங்கப்படுவதில்லை என்பதால், அந்த எண்ணைக் கேட்கும் மின் நிறுவனத்திடம் அவர் தம் பெயரில் இணைப்புக் கேட்பதும் எளிதாக இல்லை. சமைப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பழுது பார்க்கச் செய்வதும் அவரே. அந்த வீட்டில் அவர் வாழ்வதற்குக் காகிதச் சான்று மட்டும் ஒன்றும் இல்லை.

எங்கள் குடியிருப்புக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு சகோதரிக்கு நேர்ந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். பல ஆண்டுகளாக வண்டி ஓட்டியவர் அவர். வாடகை ஒப்பந்தத்தில் அவருடைய பெயர் இருந்தது. ஆனால் பிள்ளைகளின் பெயர்களோடு சேர்த்து, உடன் வசிப்பவர் என்ற வரிசையில் இருந்ததே தவிர, ஒப்பந்தக்காரராக அவர் கையெழுத்திடவில்லை. முகப்பில் இருந்த அலுவலர் அதை ஏற்கவில்லை. மின்சார ரசீதிலும் வங்கி அறிக்கையிலும் கணவர் பெயர் மட்டுமே இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்கும் உரிய விளக்கம் கிடைக்கவில்லை. அடுத்த முன்பதிவுக்குக் காத்திருந்த காலத்தில் அவருடைய பழைய உரிமம் காலாவதியாகிவிட்டது. தற்காலிக விசாவில் உள்ளவர்களின் உரிமம் நாட்டில் தங்க அனுமதிக்கப்பட்ட காலத்தைக் காட்டும் அவர்களுடைய ஐ-94 பதிவில் உள்ள தேதியோடு முடிந்துவிடும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே இத்தகையோரின் கையில் இருக்கும் உரிமத்துக்கு ஆயுள் எப்போதுமே குறைவு. செல்லுபடியாகும் வெளிமாநில உரிமத்தை ஒப்படைப்பவருக்கு டெக்ஸாஸில் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் விலக்கப்படுகின்றன. உரிமம் காலாவதியானதும் அந்தச் சலுகை கைநழுவிப் போகிறது. பேருந்து வசதியே இல்லாத புறநகரில், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் மருத்துவரிடம் கொண்டு செல்லவும் அக்கம்பக்கத்தாரை எதிர்பார்த்து அவர் நின்றதைக் கண்டு நான் மிகவும் வருந்தினேன்.

இத்தனைக்கும் அதே டெக்ஸாஸில் இதற்கென்றே ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. டிஎல்-5 என்பது அதன் பெயர். தம் பெயரில் இரண்டு ஆவணங்கள் இல்லாதவருக்காக, அதே முகவரியில் வசிக்கும் ஒருவர், இவர் என்னோடு வசிக்கிறார் என்று அதில் உறுதியளிக்கலாம். உறுதியளிப்பவர் கணவர் என்றால், உறவை நிறுவத் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவிலும் கணவர் அல்லது பெற்றோர் பெயரில் உள்ள இருப்பிட ஆவணத்தோடு, உறவைக் காட்டும் திருமணச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அஞ்சல் துறை அனுப்பும் முகவரி மாற்ற உறுதிக் கடிதமும் அங்கே பட்டியலில் உண்டு. நம் ஊரில் குடும்ப அட்டை ஒன்றிலேயே வீட்டில் உள்ள அனைவரின் பெயரும் முகவரியும் அடங்கிவிடுகின்றன. ஆதாரிலும் 2023 முதல், குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு மற்ற உறுப்பினர்கள் இணையவழியில் முகவரியை மாற்றிக்கொள்ள முடிகிறது. குடும்பமாக வாழ்பவர்களுக்குக் குடும்ப உறவையே சான்றாகக் கொள்வது நடைமுறைக்கு ஒவ்வாத சலுகை அன்று என்பதை இவை காட்டுகின்றன. எல்லா மாநிலங்களும் இந்த வழியைத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைத்துள்ள மாநிலங்களில் அதை முகப்பிலேயே அலுவலர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழியில் போவதற்கும் திருமணச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு மணமுடித்தவர்களில் பலர் கோயில் ரசீதையும் அழைப்பிதழையும் தவிர வேறு எதையும் வைத்திருக்கவில்லை. பதிவு செய்தவர்களும் மூலச் சான்றிதழை ஊரில் பெற்றோர் வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு, நகலோடு வந்துவிடுகிறார்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதுகிறோம். கடவுச்சீட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்என்யூ (FNU) என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்காருகின்றன. உரிம அலுவலகம் குடியேற்ற ஆவணத்தில் உள்ளபடியே பெயரைப் பதிகிறது. வாடகை ஒப்பந்தத்திலோ கணவர் பெயரைப் பின்னால் சேர்த்து எழுதியிருப்பார்கள். வங்கியில் வேறொரு விதமாக இருக்கும். ஒரே பெண், மூன்று காகிதங்களில் மூன்று பெயர்களோடு நிற்கிறார். இரண்டு ஆவணங்களைத் தேடிப் பிடித்தவரும் பெயர் பொருந்தவில்லை என்ற காரணத்தால் திரும்பி வர நேர்கிறது. ஆகவே எந்த இடத்தில் பெயர் கொடுத்தாலும் கடவுச்சீட்டிலும் விசாவிலும் உள்ளபடி, எழுத்து மாறாமல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் மாறும்வரை நம் கையில் உள்ளதையாவது நாம் செய்யலாம். குடிபெயரும் முதல் வாரத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் கணவனும் மனைவியும் இருவரும் ஒப்பந்தக்காரர்களாகக் கையெழுத்திட வேண்டும். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, அறிக்கையில் இருவர் பெயரும் புது முகவரியும் அச்சாகிறதா என்று பார்க்க வேண்டும். வாகனக் காப்பீட்டிலும் மனைவியின் பெயர் இருக்க வேண்டும். டெக்ஸாஸில் இரண்டு ஆவணங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்கக் கூடாது; வங்கி அறிக்கையும் கட்டண ரசீதும் அண்மையில் வந்தவையாக இருக்க வேண்டும். எனவே பழைய ரசீதுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துச் செல்வதில் பயனில்லை. முகவரி மாறிய 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தின் வழியே தெரிவிப்பது சட்டப்படியான கடமை. எச்-4 விசாவில் உள்ளவர்களும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும் என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. கணவர்கள் இவற்றையெல்லாம் மனைவிக்குச் செய்யும் உதவியாகக் கருதாமல், வீடு மாறும் வேலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழர்கள் மிகுதியாக வாழும் மாநிலங்களில் எந்தெந்த ஆவணங்கள் ஏற்கப்படுகின்றன, கணவர் அல்லது பெற்றோர் பெயரில் உள்ள ஆவணத்தைப் பயன்படுத்த வழி உண்டா, அதற்கு எந்தப் படிவம் வேண்டும் என்பனவற்றை அந்தந்த மாநில அரசின் தளத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது தங்கள் இதழில் வெளியிட வேண்டும். பள்ளி விடுமுறையில் இடம் மாறும் குடும்பங்களே மிகுதி என்பதால், மே மாத இதழ் அதற்குப் பொருத்தமாக இருக்கும். தமிழ்ச் சங்கங்கள் தங்கள் புதுவரவுக் கூட்டங்களில் இதற்கெனச் சிறிது நேரம் ஒதுக்கலாம். வாக்குரிமை இல்லாவிட்டாலும் நாம் இம்மாநிலங்களில் வரி செலுத்தி வாழ்பவர்கள். நம் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. டெக்ஸாஸ் பகுதிக்கான விவரங்களைத் தொகுத்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். தாங்கள் இசைந்தால் அடுத்த மாதத்துக்குள் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இர்விங், டெக்ஸாஸ்