ஓமவாட்டரும் மூன்று மணி நேரமும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகியும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என் அக்கா மகன் குமரன். திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருக்கிறானே, அவன்தான், வயது 36. சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்தது போல் இருக்கிறது, இடது தோள் குடைகிறது என்று போன் செய்தான். இரவு பரோட்டா சாப்பிட்டதாகச் சொன்னான். 'வாயுவாகத்தான் இருக்கும், ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படு' என்று சொல்லியவன், முப்பது ஆண்டுகளாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கும் நான்தான். அறுபது வயதுக்காரர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருப்பேன்.

பனியன் பிழியும் அளவுக்கு வியர்த்த பிறகு, ஆறு மணிக்கு அவன் மனைவி ஆட்டோவில் ஏற்றி அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனாள். இ.சி.ஜி. பார்த்ததும் மாரடைப்பு என்று தெரிந்து, சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து கொடுக்கும் அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின் பதினான்கு மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. 2023-இல் அத்திட்டம் வந்ததிலிருந்து அந்த மாத்திரைகளை எத்தனையோ பேர் உள்ளங்கையில் நானே எண்ணி வைத்திருக்கிறேன். பிறகு ஸ்டென்ட் வைத்தார்கள்; பிழைத்துக்கொண்டான். ஆனால் எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பிங் திறன் 40 சதவீதம்தான். அந்த மூன்று மணி நேரத்தில் செத்துப்போன தசை திரும்பி வராது.

2021-இல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் மறைந்தபோது ஜிம்மைக் குறை சொன்னார்கள், பிறகு கொரோனா தடுப்பூசியைச் சொன்னார்கள். 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசியால் அபாயம் கூடவில்லை என்றது. குடும்பத்தில் முன்பு நிகழ்ந்த திடீர் மரணம், அளவுமீறிய குடி, கடும் உடல் உழைப்பு போன்றவற்றைத்தான் அது காட்டியது. அதற்கும் முன்பே, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59 என்று தெரிந்திருந்தது. காரணங்களாகச் சொல்லப்பட்டவை புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை என்று நாம் நன்றாக அறிந்தவையே. குமரன் நாளுக்கு எட்டு சிகரெட் பிடிப்பவன். தனக்குச் சர்க்கரை இருப்பதே மருத்துவமனையில் படுத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

உனக்கு இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. நாம் பத்தாம் வகுப்புப் படித்தபோது, 44 வயதில் உன் அப்பா வயல் வரப்பில் சாய்ந்ததை நான் மறக்கவில்லை. மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் லிப்போபுரோட்டீன்-ஏ என்றொரு கொழுப்பு பரம்பரையாக வருவது. பத்தியம் இருந்தாலும் பெரிதாகக் குறையாது, வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் தெரியவும் தெரியாது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். உன் மகனுக்கு முப்பது ஆகிவிட்டதல்லவா? அவனையும் கூட்டிக்கொண்டு போய் நீயும் ரத்தம் கொடுத்துவிட்டு வா. முடிவுத்தாளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமு