எல்லையில் காலி வண்டியைக் கழுவ வையுங்கள்

கால்நடை நோய்த் தடுப்புப் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் கறிக்கோழி வளர்க்கும் பண்ணைக்காரன் எழுதுகிறேன். கேரளத்தின் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நம் பக்கம் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாளையாறு, மீனாட்சிபுரம், கோபாலபுரம், ஆனைகட்டி என எல்லா வழியிலும் ஆள் போட்டு, அங்கிருந்து கோழி, வாத்து, முட்டை ஏற்றி வரும் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறீர்கள். 2021 ஜனவரியில் செய்தீர்கள். ஆலப்புழை மாவட்டத்து எடத்துவா, செறுதனை வாத்துகளுக்கு நோய் வந்த 2024 ஏப்ரலிலும் செய்தீர்கள். அதற்கு நன்றி.

ஆனால் கோழி பெரும்பாலும் இங்கிருந்துதான் அங்கே போகிறது. ராத்திரி நம் பண்ணைகளில் ஏற்றும் லாரி, விடிவதற்குள் கேரளக் கடைகளில் இறக்கிவிட்டுக் காலிக் கூண்டோடு திரும்புகிறது. எங்களுக்குப் பயம் அந்த வண்டியைப் பார்த்துத்தான்.

சமீபத்தில் எல்லைச் சாவடி ஒன்றில் நின்று பார்த்தேன். கூண்டுக் கம்பிகளில் எச்சம் விரல் கனத்துக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது, ஊடே இறகு. முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய தம்பி முன் டயர்களுக்கு மருந்தடித்தார். பின் டயருக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கூண்டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கையில் கொடுத்தது அவ்வளவுதான். எச்சத்தின் மேல் அடிக்கும் மருந்து பலிக்காது; முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிறகு மருந்தடித்து, ஊற விட வேண்டும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே கால்நடை மருத்துவர்கள்தான்.

அந்த வண்டி அடுத்து என் ஷெட் வாசலுக்கு வரும். விட மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. கோழியும் தீவனமும் கம்பெனியுடையவை; ஷெட்டும் கரண்டும் உழைப்பும் என்னுடையவை; கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 40 நாளில் எடுக்க வேண்டிய கோழி நின்றுபோனால் தீவனம் தின்றுகொண்டே இருக்கும், அந்தக் கணக்கில் என் கூலி குறையும். வெயில் காலத்தில் பெருத்த கோழி மூச்சிரைத்துச் சாகும். பீதியில் கேரள விற்பனை படுத்தபோது இதையெல்லாம் பார்த்தோம். அடுத்த பேட்ச் குஞ்சும் வரவில்லை. ஷெட் கடனுக்குத் தவணை கட்ட வீட்டு நகை அடகுக்குப் போனது. நோய்க்காக அழிக்கும் கோழிக்கு நிவாரணம் உண்டு. சும்மா கிடந்த ஷெட்டுக்கு யாரும் எதுவும் தரவில்லை.

அதனால் கேட்கிறேன்: காலி வண்டியை எல்லையிலேயே கழுவ வையுங்கள். சாவடி போடவும், கால்நடை ஏற்றிய வண்டியைச் சுத்தம் செய்ய வைக்கவும் 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமே வழி செய்திருக்கிறது. வேண்டியது ஒரு சிமென்ட் தளம், பிரஷர் பம்ப், தண்ணீர், கழுவிய நீர் போக ஒரு குழி.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோழிக் கழிவும் இறைச்சிக் கழிவும் ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி வந்து தோப்பு ஓரங்களில் விழுகின்றன. நாயும் காக்கையும் அதை இழுத்துக்கொண்டு பண்ணை வேலி வரை வருகின்றன. 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தில் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரளம் திரும்ப அள்ளிப்போகப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியிருந்தது. அவ்வளவு மூட்டையும் ஏதோ ஒரு சாலை வழியாகத்தானே வந்திருக்கும்? அங்கே யார் இருந்தார்கள்? லாரி லாரியாகக் குப்பை நுழைகிற எல்லையில் கிருமி நுழையாது என்று நாங்கள் எப்படி நம்புவது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலசைப் பறவைகள் வரும் ஐப்பசிக்கு முன்பே, ஆலப்புழைச் செய்திக்குக் காத்திராமல், காலி வண்டியைக் கழுவும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கழுவியதற்கு ஒரு சீட்டுக் கொடுங்கள். சீட்டு இல்லாத வண்டியைப் பண்ணைக்கு அனுப்பக் கூடாது என்று கம்பெனிகளுக்கும் வியாபாரிகளுக்கும் உத்தரவிடுங்கள். அந்த உத்தரவு கையில் இருந்தால், வாசலில் வண்டியை நிறுத்திச் சீட்டு எங்கே என்று கேட்க எங்களால் முடியும்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்