'ஒரு கப் சோறு' என்றால் எந்தக் கப்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எடை குறைக்க விரும்புவோருக்காகத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த 1200 கலோரி உணவுப் பட்டியலில், 'சோறு ஒரு கப், 130 கலோரி' என்று இருந்தது. 130 என்பது வெந்த சோறு 100 கிராமுக்கான கணக்கு. வீட்டில் இருக்கும் 200 மில்லி டம்ளரில் அளந்தால் சோறு 150 கிராமாவது வரும். கப் என்றதும் அரிசியை அளந்து உலையில் போடுகிறவர்களும் உண்டு. அது 160 கிராம் அரிசி, 560 கலோரி!

அந்த 1200-ம் எல்லோருக்கும் பொருந்தாது. 45 வயது, 158 செ.மீ. உயரம், 72 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வில் உடம்பு செலவிடும் கலோரியைக் கணக்கிட 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கைக் கழித்து, மேலும் 161 கழிக்க வேண்டும். (ஆண் என்றால் 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.) சுமார் 1320 வரும். படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு இவ்வளவு செலவு. வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் சேர, 1.375-ஆல் பெருக்கினால் 1815. அதில் 400 குறைத்து 1400 சாப்பிட்டாலே போதும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்பதால் மாதம் ஒன்றரைக் கிலோ இறங்கும். 1200 சாப்பிட்டால் நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் ராத்திரி மிக்சர் டப்பா திறந்துவிடும்.

பலர் சறுக்குவது அந்தப் பெருக்கலில். தினம் அரை மணி நடக்கிறோமே என்று, 1.375-க்குப் பதில் மிதமான உடற்பயிற்சி செய்பவர்களுக்கான 1.55 போட்டுக்கொண்டால் 230 கலோரி சும்மா ஏறிவிடும். நடந்த கணக்கில் ஒரு வடை தனி.

1400-ஐ இப்படிப் பங்கிடலாம்: அரிசி அல்லது கோதுமை 120 கிராம், பருப்பு 60, சுண்டலுக்குக் கடலை 30 (மூன்றும் வேகவைக்கும் முன் எடை), முட்டை 2, பாலும் தயிருமாக 300 மில்லி, எண்ணெய் 20 மில்லி, காய் 400 கிராம், ஒரு கொய்யா. புரதம் 60 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 0.83 கிராம் என்ற ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அளவு 72 கிலோவுக்கு அதுதான். முட்டை சாப்பிடாதவர்கள் அந்த 140 கலோரியைப் பருப்பு, தயிர் பக்கம் திருப்பலாம்.

குடும்பத்துக்கே சேர்த்துச் சமைக்கும்போது ஒருவர் பங்கைப் பிரிப்பது கஷ்டம்தான். ஒரு சமையலறைத் தராசு இருந்தால் தீர்ந்தது. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் அரிசி வைத்தால் 1050 கலோரி. வெந்தபின் பாத்திரம் போக 840 கிராம் இருந்தால் கிராமுக்கு 1.25. தட்டில் 200 கிராம் என்றால் 250 கலோரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர் என்றால் தினமும் நிறுக்க வேண்டியதில்லை.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பதில் நம்பிக்கை வேண்டாம். தாளிக்கும்போது கை நீளும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது 270 கலோரி. ஒரு லிட்டர் குறைத்தாலே ஆளுக்கு 70 கலோரி மிச்சம். காபியும் இதே ரகம். 100 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 100 கலோரி. 6 சதவீதக் கொழுப்புள்ள பாலானால் இன்னும் 25 கூடும்.

தினசரி எடையைப் பார்த்துப் பதற வேண்டாம். முந்தைய நாள் ஊறுகாயும் அப்பளமும் ஒரு கிலோ தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த ஏழு நாள் எடையின் சராசரியை, அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். மூன்று வாரமாகியும் அசையாவிட்டால் 100 கலோரி குறைக்கலாம். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை பாருங்கள். தினம் 400 வீதம் ஆறு நாள் மிச்சம் பிடித்த 2400-இல் பாதிக்கு மேல் ஒரு பிரியாணி மதியம் தின்றுவிடும்.

இனி பட்டியல் போடும்போது கிராமில், அரிசியா சோறா என்று குறித்துப் போடுங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருந்தின் அளவு பற்றி டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அந்த வரியும் பட்டியலுக்குக் கீழேயே வர வேண்டும், வேறு பக்கத்தில் அல்ல.

இப்படிக்கு,
உணவியல் துறை வாசகர், திருச்சி