தொழிலாளர் சட்டப் பாடத்தை 1563-லிருந்து தொடங்குங்கள்

வரலாற்று ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தொழிலாளர் சட்டம் என்றாலே ஆலைச் சங்கும் எட்டு மணி நேர வேலையும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் படித்தபோதும் அந்தப் பாடம் தொழிற்புரட்சியில்தான் ஆரம்பித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் வேலையாட்களுக்கென்று சட்டம் இருந்தது, அதுவும் அவர்களைக் கட்டிப்போட. அதை வகுப்பில் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கொள்ளைநோயில் மக்கள் மாண்டு, ஆள் கிடைக்காமல் கூலி ஏறியபோது 1349-லும் 1351-லும் அதை அடக்கச் சட்டம் போட்டார்கள். முதலாம் எலிசபெத் காலத்தில், 1563-ல் வந்த கைவினைஞர் சட்டம் அதையே விரிவாக்கியது. 12 முதல் 40 வயதுவரை உள்ள மணமாகாத பெண் வேலையில்லாமல் இருந்தால், அதிகாரிகள் அவளை ஒரு வீட்டில் வேலைக்கு அனுப்பலாம். மறுத்தால் காவல். 12 வயதுப் பிள்ளை! நம் ஏழாம் வகுப்பு மாணவியின் வயது.

கூலியை ஆண்டுதோறும் உள்ளூர் நீதிபதிகள் நிர்ணயித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்கள். அது குறைந்தபட்சக் கூலி அல்ல, உச்சவரம்பு. மீறிக் கொடுத்த எஜமானுக்கு 10 நாள் சிறையும் 5 பவுண்டு அபராதமும். வாங்கியவருக்கு 21 நாள் சிறை. கொடுத்தவரைவிட வாங்கியவருக்கு இருமடங்குக்கும் மேல்!

மாணவர்களுக்குச் சட்டென்று புரியக்கூடியது சான்றுச் சீட்டுதான். ஏர் ஓட்டும் பையனும் பால் கறக்கும் பெண்ணும் எஜமான் வீட்டிலேயே தங்கி, ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போக, முறைப்படி விடுவிக்கப்பட்டதாக ஒரு சீட்டு வேண்டும். அதைப் பார்க்காமல் வேலை கொடுத்தவருக்கு அபராதம். சீட்டில்லாமல் வந்தவருக்குச் சிறை. 21 நாளுக்குள் அதைக் கொண்டுவராவிட்டால் நாடோடி என்று சொல்லிச் சவுக்கடி. டி.சி. இல்லாமல் வேறு பள்ளியில் சேர முடியாது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு, சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பிடி என்பதை விளக்கவே வேண்டாம்.

இந்தச் சட்டத்தின் கூலிப் பிரிவுகள் 1813-ல் நீங்கின. ஆனால் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையில் தள்ளுவது அங்கே 1875 வரை நீடித்தது. அப்புறம் நம் பக்கம் வாருங்கள். 1859-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்காதவரைத் தண்டித்தது, 1925-ல்தான் நீக்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் நம் மக்கள் 'துண்டு' என்ற சீட்டோடு அலைந்தார்கள். அதில் அவர்களின் கடன் எழுதப்பட்டிருக்கும். அதை அடைக்கும் தோட்டத்துக்குத்தான் அவர்கள் போக முடியும். 1921-ல்தான் அது ஒழிந்தது.

அந்தத் துண்டையும் 1563-ன் சீட்டையும் ஒரே வகுப்பில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து நடத்துங்கள். ஒரு பாடவேளை போதும்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவர்