பூவரசம் பீப்பியும் ஒரு வாத்தும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம்.

பேத்திக்கும் எதிர் வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா இசை கேட்கப் பழக்குகிறேன் என்று எழுதியிருந்தேனே, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் தவறு செய்துவிட்டேன். இது வயலின், இது செல்லோ என்று படங்களைக் காட்டிக் கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். இசையைப் போடுவதற்குள் இரண்டு பேர் மாடிக்கு ஓடிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒன்றுமே விளக்கவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை எடுத்துக்கொண்டேன். மாஸ்கோவில் நத்தாலியா சாட்ஸ் நடத்திய குழந்தைகள் நாடக அரங்குக்காக அவர் 1936இல் எழுதியது. கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் தனி வாத்தியம். குருவிக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள். மெட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, சாக்பீஸைக் கையில் கொடுத்து, "யார் வருகிறார்கள் என்று வரையுங்கள்" என்றேன். பசூன் என்ற பெரிய ஊதுகுழலைக் கேட்டதும் எதிர் வீட்டுச் சின்னவன் தடியோடு ஒரு கிழவரை வரைந்தான். கதையில் அது தாத்தாவின் வாத்தியமேதான்! எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஓபோ என்ற ஊதுகுழல் வந்தபோது பேத்தி வரையவே இல்லை. "பாட்டி, இது கோயில் நாயனம்" என்றாள். கதையில் அது வாத்து. ஆனாலும் அவள் காது தப்பவில்லை. நாயனத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளி போலவே ஓபோவிலும் இரண்டு மெல்லிய நாணல் தகடுகள் துடித்துத்தான் ஒலி பிறக்கிறது.

அப்புறம் என்ன, கொல்லைப் பூவரச மரத்தடிக்குப் போனோம். பள்ளிக்கூட வழியில் நாம் செய்வோமே, அதே பீப்பி. சுருட்டிய இலையின் நசுங்கிய வாய்தான் சீவாளி. ஒற்றை இலையில் கீச்சென்று வந்தது. நாலைந்து இலைகளைச் சேர்த்து நீளமாகச் சுருட்டியதும் குரல் தடித்தது. பசூன் ஏன் அடித்தொண்டையில் பேசுகிறது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அதன் மடித்த குழாயை நிமிர்த்தினால் எட்டடி இருக்கும் என்றேன். சின்னவன் முற்றத்தில் எட்டடிக்கு அளந்து கோடு போட்டுவிட்டான்.

மறுநாள், கதையை நான் தமிழில் சொல்லச் சொல்ல, முழுவதையும் கேட்டார்கள். ஓநாய் வாத்தை விழுங்கியபோது பேத்தி கண் கலங்கினாள். பிடிபட்ட ஓநாயைக் கொண்டுபோகும் கடைசி ஊர்வலத்தில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து வாத்து கத்துவது கேட்கும் என்று கதையில் ஒரு வரி உண்டு. அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். ஓபோ மெதுவாக எழுந்தது. "நாயனம்! பாட்டி, வாத்து உள்ளே உயிரோட இருக்கு!" என்று அவள் எழுந்து குதித்தாள்.

பொங்கலுக்குப் பேரனோடு வருகிறாய் அல்லவா? உங்கள் தோப்பிலிருந்து பெரிய பூவரச இலைகளாகப் பறித்து வா. ஓநாய்க்கு மூன்று பீப்பி வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி