தங்கச்சிமடம் சொந்தங்களுக்கு ஒரு மகளின் நன்றி

அன்புள்ள ஊராருக்கு,

அப்பா இன்று வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். இதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு வருடமாக அவருக்கு முதுகுவலி. கடல் தொழிலாளிக்கு முதுகு வலிக்காதா என்று நாங்களே விட்டுவிட்டோம். தினமும் வலி மாத்திரைதான். கால் வீங்கி, வாந்தியும் மயக்கமுமாய் மதுரைக்குக் கொண்டுபோனபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவு) 7-ஐத் தாண்டியிருந்தது. உடனே டயாலிசிஸ். எலும்பு மஜ்ஜையைச் சோதித்த பிறகே மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதுகுவலியும் அதனால்தான். புற்றுசெல்கள் சுரக்கும் புரதம் சிறுநீரக நுண்குழாய்களை அடைத்துவிடுமாம். வலி மாத்திரை அந்தச் சேதத்தை இன்னும் கூட்டியிருக்கிறது. முதுகுவலி மாதக்கணக்கில் விடாமல் இருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை ரத்தம், சிறுநீர் பார்த்துவிடுங்கள்.

"டயாலிசிஸில் இருக்கிறவருக்குக் கீமோ தாங்குமா டாக்டர்?" என்று அழுதேன். அந்த டாக்டர் அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த நோய்க்குப் போடுகிற போர்டிசோமிப் ஊசிக்குக் கிட்னியைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டியதில்லைம்மா. தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. அந்தப் புரதம் குறைந்தால் கிட்னியும் தேற வாய்ப்பிருக்கு." அப்புறம் லெனலிடோமைட் மாத்திரை தொடங்கியபோது, அது சிறுநீரில் வெளியேறும் மருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் பார்த்தே அளவை எழுதினார். ஏழாவது வாரம் டயாலிசிஸ் நின்றது. நோய் முழுதாய்ப் போய்விடவில்லை, மருந்து தொடர்கிறது. கிரியாட்டினின் இப்போது 1.9. டாக்டர் அம்மா, உங்கள் பொறுமைக்கு நான் என்ன சொல்வேன்!

பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல், நம் தீவுக்கு வராமல் எல்லாம் மண்டபத்தோடு நின்ற காலம் அது. வாராவாரம் விடியும் முன்னே அப்பாவை மண்டபம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்ட ஆட்டோ அண்ணன் ஒருநாளும் முழு வாடகை வாங்கவில்லை. ரத்தம் கொடுக்க மதுரை வரை வந்த தம்பிகளுக்கும், காப்பீட்டு அட்டைக்காக என்னோடு அலைந்த அக்காவுக்கும் நன்றி. கடல்பாசி எடுக்கும் சித்திமார் ஈரச் சேலையோடு வந்து, முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தந்த நோட்டுகளை நான் எண்ணக்கூட இல்லை, எண்ண மனம் வரவில்லை.

படகுக்கார மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா கடலுக்குப் போகாத நாளிலும் அவர் பங்கு வீடு வந்தது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வீட்டிலேயே வருமானம் இல்லை, அப்போதும் அரிசி அனுப்பினீர்கள். கணக்கு நோட்டில் அப்பா பெயரை நீங்கள் அடிக்கவே இல்லை என்று போன வாரம்தான் பார்த்தேன் மாமா.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை