டயர் வெடித்தது சரி, எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘டயர் வெடித்ததில் கார் தடுமாறிக் கவிழ்ந்தது’ என்ற வரி விபத்துச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. என்னமோ டயர் திடீரென்று கோபம் வந்து தானாக வெடித்துவிட்டது போல. அதற்கு முன்னால் அது எதன் மீது ஏறியது, எப்போது அடிபட்டது என்று ஒரு வார்த்தை இருக்காது. நானும் அப்படியே படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவளாகத்தான் இருந்தேன், என் காருக்கே நடக்கும் வரை.

நான் தையல்காரி. 30 வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறேன். தைத்த மூட்டைகளை என் பழைய சின்னக் காரில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டிவிட்டது. முன்னால் போன லாரி சட்டென்று ஒதுங்கியதும் வெளிச்சத்தில் ஒரு மரக்கட்டை தெரிந்தது. செங்கல்லை விடக் கொஞ்சம் பெரியது. பக்கத்துத் தடத்தில் வண்டிகள் வந்ததால் காரை ஒடித்துத் திருப்ப முடியவில்லை. பிரேக்கை மிதித்தபடியே ஏற்றிவிட்டேன். ‘டங்’ என்று ஒரு சத்தம், ஸ்டீரிங்கில் ஒரு உதறல், அவ்வளவுதான். (பிரேக்கை முன்கூட்டியே அழுத்தி வேகத்தைக் குறைத்து, கட்டை மேல் ஏறும் நேரத்தில் காலை எடுத்துவிட வேண்டுமாம். அழுத்திக்கொண்டே ஏறினால் வண்டியின் பாரம் முன் சக்கரத்தில் சாய்ந்து அடி இன்னும் பலமாக விழும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

வெளிச்சமான இடம் பார்த்து நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் இடது டயரில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. மறுநாள் காலையில் டயர் பார்ப்பவரிடம் காட்டினேன். காற்றை அளந்தார், 32 காட்டியது. சோப்புத் தண்ணீர் தெளித்தார், குமிழி வரவில்லை. “காத்து நிக்குதும்மா, ஒண்ணும் ஆகல” என்றார். சரி என்று நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அடுத்த பதினொரு நாள் ஓட்டினேன்.

பதினொன்றாம் நாள் மூட்டையை இறக்கும்போது சேலை டயரில் உரசியது. குனிந்து பார்த்தால் பக்கச் சுவரில் ஒரு வீக்கம். பாதி நூல்கண்டு அளவு இருக்கும். விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போய்த் திரும்பி வந்தது.

இம்முறை வேறொருவரிடம் போனேன். அவர் காற்றை அளக்கவே இல்லை. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கத்தை விளக்கில் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு கோடு, துணியை மடித்து இஸ்திரி போட்டது மாதிரி. கட்டையில் மோதியபோது பக்கச் சுவர் அப்படியே மடிந்து, கட்டைக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. ரிம்மின் விளிம்பும் அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது.

அப்புறம் வீக்கம் இருந்த இடத்தைப் பிளேடால் அறுத்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. டயர் என்பது வெறும் ரப்பர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே இருப்பது துணி! பாலியஸ்டர் இழைகள், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, பாவு நூல் போல நெருக்கமாக, வரிசையாக ஓடுகின்றன. தரையில் படும் பாகத்துக்கு மட்டும் மேலே எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு. பக்கச் சுவரில் பெரும்பாலும் இந்த இழைகள்தான். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அவைதான். ரப்பர் காற்றை வெளியே விடாமல் அடைக்கிறது, இழைகளை நீரும் தூசியும் படாமல் மூடுகிறது.

என் டயரில் 17 இழைகள் அறுந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி. கத்தரியால் வெட்டினால் முனை நேராக இருக்கும். இவை இழுத்துப் பிய்த்தது போல நுனி பிசிறிக் கிடந்தன. இழை அறுந்த இடத்தில் காற்றை எதிர்த்து நின்றது ரப்பர் மட்டும்தான், அதனால்தான் வீங்கியிருக்கிறது. அறுந்த இழைகளின் சுமை பக்கத்து இழைகள் மேல் ஏறும். ஒரு தையல் விட்டால் அடுத்த தையல் இழுபடும் இல்லையா, அதே கதைதான். என் டயர் ஒரு கிலோமீட்டர் ஓட 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் ஒரு முறை அமுங்கி விரிகிறது. பதினொரு நாளில் எத்தனை சுற்று என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைக் கண்டதிலிருந்து தெருவில் நிற்கும் கார்களின் டயரையெல்லாம் எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சில டயர்களின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். உள்துணியின் இரு முனைகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து மூட்டிய இடம் அது. அங்கே இரட்டைத் துணி என்பதால் மற்ற இடத்தைப் போல வெளியே தள்ளாது. பள்ளம் இருந்தால் மூட்டு, மேடு இருந்தால் முறிவு.

ஆணி குத்துவது வேறு விவகாரம். தரையில் படும் பாகத்தில், 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை என்றால் கழற்றி உள்ளிருந்து ஒட்டலாம். வெளியிலிருந்தே ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அனுப்பினால் அவசரத்துக்கு உதவும், ஆனால் உள்ளே என்ன ஆனது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கச் சுவரில் இழை போனால் ஒட்டுப் போடவே முடியாது. “பின் சக்கரத்துக்கு மாத்திட்டு ஓட்டும்மா” என்றான் என் மகன். பின் டயர் போனால் வண்டியின் வால் சுழலும், அதை அடக்குவது இன்னும் கஷ்டம்.

அவன் கார் புதுசு. டயரில் 225/40 என்று போட்டிருக்கிறது. அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 90 மில்லிமீட்டர். என் கிழட்டுக் காரின் 165/80 டயருக்கு 132. அடியை வாங்கி மடிய என் டயருக்கே அவ்வளவு இடம் இருந்தும் இந்தக் கதி. பார்க்க அழகாக இருக்கிறது என்று பக்கச் சுவர் குட்டையான டயர் வாங்குகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

என் ஸ்டெப்னியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதில் காற்று 12தான் இருந்தது. பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கம் 3514, அதாவது 2014ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் செய்த டயர். ஒரு நாள்கூட ஓடாமலே கிழடாகிவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘டயர் வெடித்து’ என்று செய்தி வந்தால், உங்கள் நிருபர் கூடுதலாக மூன்று கேள்வி கேட்கட்டும். சமீபத்தில் அந்த டயர் எதிலாவது மோதியதா? அதன் வயது என்ன? காற்று எவ்வளவு இருந்தது? பதில் கிடைத்தால் அதையும் ஒரு வரி போடுங்கள்.

அந்த டயரிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வாங்கி வந்து தையல் மேசையில் வைத்திருக்கிறேன், பிசிறிய நூல்கள் தெரியும்படி. அளவு கொடுக்க வருகிறவர்கள் இது என்ன துணி என்று கேட்கிறார்கள். இதை எழுதி முடித்ததும் மகனுக்குப் போன் போட வேண்டும். நேற்று ராத்திரி ஒரு செங்கல்லில் ஏற்றிவிட்டானாம். கேட்டால், காற்று நிற்கிறது என்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஒரு தையல்காரி